மூக்கு சொல்லும் துப்பு

அமெரிக்க தேசத்தார் பெட்ரோலைப் பெட்ரோல் என்று சொல்வதில்லை. 'காஸோலின்' என்பார்கள், அதையும் சுருக்கி 'காஸ்' என்பார்கள். குழாயிலிருந்து தண்ணீர் போல் கொட்டும் ஒரு வஸ்துவை வாயு என்று அழைப்பது நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் சற்று யோசித்துப் பார்த்தால் அந்தப் பெயர் அவ்வளவு பிசகானதன்று. வாயுவாக மாறுவதற்குச் சதாகாலமும் சமயம் பார்த்துக் கொண்டிருக்கும் திரவம் பெட்ரோல். அதை அடுப்பில் ஏற்ற வேண்டாம். வெயிலில் வைக்கவும் வேண்டாம். மூடியைத் திறந்தாலே போதும், புறப்பட்டுவிடும்.

அந்த நாட்டில் 'பிக்கப்' என்று ஒரு வகைச் சிறு லாரி உண்டு. முன்னால் டிரைவரும் மற்றவர்களும் அமரும் கேபின். பின்னால் சாமான் ஏற்றுவதற்குத் திறந்த தட்டு. நம் நாட்டில் இம்மாதிரி வண்டிகள் பெரும்பாலும் டீசலில் ஓடுகின்றன. அநேகமாக வியாபாரத்துக்கே பயன்படுகின்றன. அங்கேயோ அவற்றில் பெரும் பகுதி பெட்ரோலில் ஓடுபவை. குடியானவர், தச்சர், உத்தியோகஸ்தர் எல்லாருக்குமே அது குடும்ப வண்டி. குழந்தைகள் பள்ளிக்கூடம் போவதும், பாட்டி வைத்தியரிடம் போவதும் அதிலேதான். ஆகையால் அவ்வண்டிக்காரர்கள் மெக்கானிக்கிடம் கொண்டு போகும் ஒரு புகார் நமது கவனத்துக்குரியது. "பெட்ரோல் போடும்போதெல்லாம் கேபினுக்குள் நெடி அடிக்கிறது, மற்ற வேளைகளில் ஒன்றுமில்லை. காரணம் என்ன?" என்பதுதான் அது.

கேள்வி சிறியதுதான். ஆனால் இதற்கு விடை காணும் முறையில் நல்ல துப்பறியும் கதைக்குரிய ரஸம் இருக்கிறது. பெட்ரோல் கார் வைத்திருக்கும் நம் குடும்பங்களும் அறிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில அதில் உண்டு.

நிரப்பும்போது மட்டும் ஏன்?

காலிக் குடம் உண்மையில் காலியாக இருப்பதில்லை. அதனுள் காற்று இருக்கிறது. குடத்தைக் குளத்தில் அமிழ்த்தும்போது குமிழி குமிழியாக வெளிவருவது அந்தக் காற்றுத்தான். தண்ணீர் உள்ளே போக வேண்டுமானால் காற்று வெளியே வந்தாக வேண்டும்.

பெட்ரோல் டாங்கியின் விஷயமும் இதுவே. வித்தியாசம் என்னவெனில், டாங்கியினுள் இருப்பது வெறும் காற்றன்று. பெட்ரோல் ஆவியைத் தாங்கக்கூடிய மட்டும் தாங்கி நிற்கும் காற்று. எண்பது லிட்டர் பெட்ரோல் உள்ளே இறங்கினால் ஏறக்குறைய எண்பது லிட்டர் ஆவிக்காற்று வெளியேற வழி தேடுகிறது. தடுப்புச் சாதனம் ஒன்றும் இல்லாத வண்டியில், நிரப்பும் ஒவ்வொரு லிட்டருக்கும் 1 கிராமுக்குச் சற்று அதிகமான பெட்ரோல் இப்படி ஆவியாகப் போய்விடும். டாங்கி நிறைவதற்குள் ஏறத்தாழ 100 கிராம்! அதுவும் சில நிமிஷங்களுக்குள்.

வண்டி ஓடும்போது நடப்பது இதற்கு நேர் விரோதம். பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வருகிறது. ஆகவே, ஆவி பெருவாரியாக வெளியே தள்ளப்படும் வேளை பெட்ரோல் போடும் வேளையே. மற்றச் சமயங்களில் உறங்கிக் கிடக்கும் ஓட்டை அப்போது விழித்துக் கொள்கிறது.

இங்கே ஒரு முக்கியமான சூக்ஷ்மம் இருக்கிறது. கேபினுக்குள் நெடி வர வேண்டுமானால் இரண்டு வழிகள் திறந்திருக்க வேண்டும். ஆவி வண்டியிலிருந்து வெளிப்படும் வழி ஒன்று. வெளிப்பட்ட ஆவி கேபினுக்குள் நுழையும் வழி மற்றொன்று. திருடன் தப்பி வந்த சிறையும் வேறு, அவன் புகுந்த வீடும் வேறு. வீட்டுக் கதவைத் தாழிட்டுவிட்டால் சிறையின் சுவர் சரியாகிவிடாதல்லவா? இதை மறவாதிருந்தால் பாதித் துப்பு துலங்கின மாதிரிதான்.

ஆசனத்துக்குப் பின்னால் டாங்கி

ஒரு காலத்தில் இந்தச் சிறையும் வீடும் ஒன்றாகவே இருந்தன என்றால் நேயர்கள் நம்புவார்களா? செவ்ரோலே கம்பெனியார் 1949-ம் வருஷத்து மாடலில் பெட்ரோல் டாங்கியைப் பின்தட்டின் அடியிலிருந்து எடுத்து, கேபினுக்குள்ளேயே, ஆசனத்தின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தார்கள். ஃபோர்டு லாரிகளிலும் 1960-களில் இதே ஏற்பாடு இருந்தது. மனிதர் சாய்ந்து உட்காரும் பலகைக்கு அப்பால் ஒரு டாங்கி பெட்ரோல்! செவ்ரோலே வண்டிகளில் அது கேபினை விட்டு வெளியேறியது 1973-ம் வருஷத்து மாடலில்தான்.

அந்தப் பழைய வண்டிகளைப் பிரியத்துடன் பாதுகாத்து ஓட்டுகிறவர்கள் அமெரிக்காவில் இன்றும் அநேகர். அவ்வண்டிகளில் நிரப்பும்போது நெடி வந்தால் அதிக தூரம் தேட வேண்டியதில்லை. ஆசனத்தை முன்னே சாய்த்துப் பார்க்க வேண்டியதுதான். நிரப்பு வாயையும் டாங்கியையும் இணைக்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கலாம். அதை இறுக்கிப் பிடிக்கும் வளையம் தளர்ந்திருக்கலாம். பெட்ரோல் அளவைக் காட்டும் கருவி டாங்கியின் மேல் பொருத்தப்பட்டிருக்கும் இடத்தில் அடைப்பு வளையம் காய்ந்து போயிருக்கலாம். ரப்பருக்கும் வயதாகிறது. போதாததற்கு, இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயத்தைக் கலக்கிறார்கள். அது பழைய காலத்து ரப்பர்களில் சிலவற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஐம்பது வருஷத்துக் குழாயை இன்னும் நம்பிக்கொண்டிருப்பது நியாயமன்று; மாற்றிவிடுவதே உத்தமம்.

கரி செய்யும் உபகாரம்

பின்னர் வந்த வண்டிகளில் விஷயம் இவ்வளவு சுலபமாக இல்லை. வெளியேறும் ஆவி ஊர்க் காற்றைக் கெடுக்கிறது என்பதைக் கண்டு, கலிபோர்னியா ராஜ்யத்தார் 1970-ம் வருஷத்து மாடலிலிருந்தும், அமெரிக்கா முழுவதிலும் 1971-லிருந்தும், டாங்கியின் ஆவியை அடக்க வேண்டும் என்று விதித்தார்கள். அதற்காக வண்டியில் குடியேறியது ஒரு பெட்டி நிறையக் கரி.

இது நம் வீட்டு அடுப்புக் கரியின் உறவுதான். ஆனால் விசேஷமாகப் பக்குவம் செய்யப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துவாரங்கள் அதில் எண்ணிறந்து இருக்கின்றன. ஒரு கிராம் கரியின் உட்புறத்தை எல்லாம் விரித்துப் போட முடியுமானால் 1,000 சதுர மீட்டர் அளவுக்கு வரும். அதாவது நாலரை கிரவுண்டு மனை! அவ்வளவு விசாலமான இடத்தில் பெட்ரோல் ஆவி ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகிறது. பிறகு எஞ்சின் ஓடும்போது ஒரு வால்வு திறக்கிறது. எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடுகிறது. கரி மறுபடியும் புதிதாகிவிடும்.

ஆரம்பத்தில் இந்தப் பெட்டி, வண்டி சும்மா நிற்கும்போது உண்டாகும் ஆவியை மட்டுமே பிடித்தது. பெட்ரோல் போடும்போது வெளிவரும் பெரு வெள்ளத்தையும் பிடிக்க வேண்டும் என்ற சட்டம் கார்களுக்கு 1998-ம் வருஷத்து மாடலிலிருந்தும், சிறு லாரிகளுக்கு 2001 முதல் 2006 வரை படிப்படியாகவும் அமுலுக்கு வந்தது. அத்தகைய வண்டிகளில் நிரப்பு குழாய் குறுகலாக இருக்கும். இறங்கும் பெட்ரோலே அதற்குத் தக்கை போல் ஆகி, ஆவி மேலே வராமல் தடுக்கும். ஆவி வேறொரு குழாய் வழியாகக் கரிப் பெட்டிக்குச் சென்று, அங்கே பெட்ரோலை விட்டுவிட்டு வெறும் காற்றாக வெளியேறும்.

ஆகவே, இக்காலத்து லாரி ஒன்றில் பெட்ரோல் போடும்போது கேபினில் பலமான நெடி வருகிறதென்றால், அது வழக்கந்தான் என்று இருந்துவிடக் கூடாது. இந்த ஏற்பாட்டில் எங்கோ ஓர் அங்கம் வேலைநிறுத்தம் செய்துவிட்டது என்று பொருள்.

நாலு கேள்விகள்

எந்த அங்கம்? அதைக் கண்டுபிடிக்க ஆயுதங்களை எடுக்குமுன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். ஆனால், முதலில் நிரபராதிகளை விடுதலை செய்துவிடுவது நல்லது. பெட்ரோல் நிலையத்தில் தரையில் சிந்தியிருந்ததை மிதித்துவிட்டு ஏறினால், செருப்பே குற்றவாளி. பின்தட்டில் புல் வெட்டும் யந்திரமோ பெட்ரோல் டின்னோ இருந்தால் அதையும் இறக்கிப் பார்க்க வேண்டும். வேறொரு நாள் வேறொரு நிலையத்தில், காற்று எதிர்த் திசையில் வீசும்போது, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, விசிறியை நிறுத்திவிட்டு, மறுபடியும் பார்க்க வேண்டும். அப்போதும் நெடி வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. இனிக் கேள்விகள்.

முதற் கேள்வி: நெடி எத்தனை நேரம் நிற்கிறது? நிரப்பும்போது மட்டும் வந்து, சிறிது நேரத்தில் போய்விட்டால், நிரப்பு வாய், அதைச் சேர்ந்த குழாய்கள், அல்லது கரிப் பெட்டி ஆகியவற்றில் தேட வேண்டும். பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் அமெரிக்க வட ராஜ்யங்களில் இரும்பினாலான நிரப்பு குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுவது சகஜம். டாங்கி நிறைந்திருக்கும் வரையில் நெடி நின்று, கொஞ்சம் குறைந்ததும் மறைந்துவிட்டால், டாங்கியின் உச்சியில் பெட்ரோல் பம்பு பொருந்தியிருக்கும் இடத்து ரப்பர் வளையத்தைச் சந்தேகிக்கலாம். பெட்ரோல் அந்த மட்டத்துக்கு ஏறும்போதுதான் அங்கே கசிவு தெரியும்.

இரண்டாவது கேள்வி: நிரப்பும்போது குழாய் அடிக்கடி 'டக்' என்று தானே நின்றுவிடுகிறதா? அப்படியானால் ஆவிக்குப் போக இடமில்லை. கரிப் பெட்டியோ, அதன் காற்று வழியோ அடைபட்டிருக்கும். அடைபட்ட ஆவி, வந்த வழியே நிரப்பு வாயின் பக்கமாகத் திரும்புகிறது. பிக்கப் லாரிகளில் அந்த வாய் அநேகமாகக் கேபினுக்கு அடுத்தாற்போல் இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: பெட்ரோல் போட்ட உடனே எஞ்சின் கிளம்ப அடம் பிடிக்கிறதா? கரிப் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள வால்வு மூடாமல் திறந்தபடியே நின்றுவிட்டால் இவ்வாறு நேரும். டாங்கியின் ஆவி எல்லாம் எஞ்சினுக்குள் புகுந்து, அளவுக்கு மீறி விருந்துண்டவரைப் போல் அதைத் திணற வைக்கிறது.

நான்காவது கேள்வி: கேபினுக்குள் எந்த இடத்தில் நெடி அதிகம்? பின் ஆசனத்தின் பின்புறமா, காலடியிலா, முன்புறக் காற்றுத் துவாரத்திலா? கதவைச் சாத்தும்போது உள்ளேயுள்ள காற்று வெளியேறுவதற்காகக் கேபினின் பின்சுவரில் ரப்பர் மடல் வைத்த துவாரங்கள் உண்டு. மடல் கிழிந்தால் வெளியேறும் வழி உள்ளே வரும் வழியாகிவிடும். தரையில் கம்பிகள் நுழையும் இடத்து ரப்பர் கழன்றிருக்கலாம். இரவில் வெளியிலிருந்து ஒருவர் டார்ச் விளக்கை அடிக்க, மற்றொருவர் உள்ளே இருட்டில் அமர்ந்து பார்த்தால், பல ஓட்டைகள் நட்சத்திரம் போல் பளிச்சிடும்.

சிலந்தி செய்த குறும்பு

காற்று வழி அடைபடுவது என்றோமே, அதை அடைப்பது எப்போதும் தூசியும் சேறும்தான் என்று எண்ண வேண்டாம். 2011-ம் வருஷத்தில் மஸ்தா கம்பெனியார் அமெரிக்காவில் 50,000-க்கு மேற்பட்ட கார்களைப் பழுது பார்க்கத் திரும்ப அழைத்தார்கள். காரணம் ஒரு மஞ்சள் சிலந்தி! கரிப் பெட்டியின் காற்றுக் குழாய்க்குள் அது புகுந்து வலை பின்னிவிட்டது. காற்று உள்ளே வர வழியில்லாமற் போனால் டாங்கியினுள் வெறுமை உண்டாகி, நாளடைவில் டாங்கியே வெடிப்புக் கண்டு பெட்ரோல் கசியக்கூடும் என்று அஞ்சினார்கள். ஒரு சிலந்தி வலைக்கும் இரும்புக் குதிரை போன்ற வண்டிக்கும் நடந்த போட்டியில் யார் ஜயித்தார் என்பதை நேயர்களே பார்த்துக் கொள்ளலாம்.

புகையைக் கொண்டு ஆவியைப் பிடித்தல்

கேள்விகள் இடத்தை நெருக்கிக் காட்டும். கடைசி ருசுவுக்கு மெக்கானிக் ஒரு புகை யந்திரத்தைக் கொண்டு வருகிறார். ஒரு வகை எண்ணெயிலிருந்து உண்டாக்கிய வெள்ளைப் புகையை, மிக மெதுவான அழுத்தத்தில், டாங்கியைச் சேர்ந்த குழாய்களுக்குள் செலுத்துகிறார். ஆவி கண்ணுக்குத் தெரியாது, புகை தெரியும். எங்கே ஓட்டை உண்டோ அங்கே வெள்ளை இழை மெல்ல எழும். தீயுடன் இதற்குச் சம்பந்தமில்லை. அறிந்தவர்கள் பெட்ரோலுடன் சேராத நைட்ரஜன் வாயுவைக் கொண்டே புகையைத் தள்ளுகிறார்கள்.

1996-லிருந்து அமெரிக்க வண்டிகளிலுள்ள கம்ப்யூட்டரும் இதில் துணை செய்கிறது. 1 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓட்டையையும், பின்னர் வந்த வண்டிகளில் அரை மில்லிமீட்டர் ஓட்டையையும் அது உணர்ந்து, டிரைவருக்கு முன்னாலுள்ள விளக்கை ஏற்றிவிடும். ஆனால் அது எங்கே என்று சொல்லாது. ஓட்டை உண்டு என்று மட்டுமே சொல்லும். எங்கே என்பது மூக்கின் வேலை, கண்ணின் வேலை, பொறுமையின் வேலை.

அபாயம் எவ்வளவு?

பெட்ரோல் நெடி பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் தீப்பற்றுவதற்குக் காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கிலிருந்து 7.6 பங்கு வரை ஆவி இருக்க வேண்டும். ஆகவே நெடி வந்தவுடனே நெருப்பு வந்துவிட்டது என்று பதற வேண்டியதில்லை. ஆயினும் அலட்சியமும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளமான இடத்தில் தேங்கும். கேபினின் தரையும் அத்தகைய பள்ளமே. பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய அளவுக்குப் பெட்ரோல் ஆவி எழும்புகிறது என்றால், நம்முடைய வெயிலைப் பற்றிக் கேட்பானேன்?

தீப்பொறிக்குத் தீக்குச்சிதான் வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் அநேகர் தாமே பெட்ரோல் போட்டுக் கொள்கிறார்கள். குழாயை மாட்டிவிட்டுக் கேபினில் ஏறி உட்கார்ந்து, மறுபடியும் இறங்கி வந்து குழாயைத் தொடுகிறார்கள். ஆசனத்தில் உடை உராய்வதால் உடம்பில் மின்சாரம் ஏறியிருக்கிறது, தொட்டதும் பொறி! இவ்விதம் தீப்பிடித்த சம்பவங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட லாரித் தட்டின்மேல் டின்னை வைத்துக்கொண்டே அதில் பெட்ரோல் நிரப்பக் கூடாது, தரையில் இறக்கி வைத்தே நிரப்ப வேண்டும் என்று 1998-ல் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் எச்சரித்ததும் இந்த மின்சாரத்தை உத்தேசித்துத்தான்.

நெருப்பு வராவிட்டாலும் நெடி நல்லதன்று. தலைவலியும் கிறுகிறுப்பும் உடனே தெரிபவை. பெட்ரோலில் சிறு அளவு கலந்துள்ள பென்ஸீன் புற்றுநோயை உண்டாக்கும் வஸ்து என்று உலக நிபுணர்கள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். சில குழந்தைகளுக்கு அந்த வாசனை பிடித்திருக்கிறது என்பது உண்மையே, பிடித்ததெல்லாம் பத்தியமாகுமா?

எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம் மூக்கின் சுபாவம். மூக்கு யோக்கியமான சாட்சி. ஆனால் சீக்கிரம் களைத்துவிடும் சாட்சி. சில நிமிஷங்கள் ஒரே நெடியில் இருந்தால் அது இல்லை என்றே சொல்லத் தொடங்கும். தினந்தோறும் அதே கேபினில் பிரயாணம் செய்கிறவர், "இப்பொழுது தேவலை" என்று சொன்னால் அது வண்டி குணமானதால் அல்ல. மூக்கு ஓய்ந்ததால் இருக்கலாம். ஆகையால், வெளியிலிருந்து புதிதாக வந்து ஏறுகிறவர், "என்ன இது, பெட்ரோல் வாடை?" என்று கேட்டால், அவருடைய வார்த்தையே பிரமாணம்.

செய்ய வேண்டியது

பெட்ரோல் போடும்போது எஞ்சினை நிறுத்துவதும், கண்ணாடிகளை ஏற்றிவிடுவதும் எல்லாரும் செய்யக் கூடியவை. குழாய் தானே நின்ற பிறகு, "இன்னும் கொஞ்சம்" என்று மேலும் ஊற்றச் சொல்லக் கூடாது. அந்தக் கொஞ்சம் கரிப் பெட்டிக்குள் திரவமாகவே போய்ச் சேரலாம். ஆவிக்காக ஏற்பட்ட கரி பெட்ரோலில் ஊறிவிட்டால் பாழ்தான். சில ரூபாய்ப் பெட்ரோலுக்கு ஆசைப்பட்டு, பெட்டியையே மாற்ற நேரும். வண்டியின் அடியில் ஈரமான கசிவு தென்பட்டால் எஞ்சினைக் கிளப்பாமல் எல்லாரையும் இறக்கிவிட வேண்டும்.

கேபினின் ஓட்டைகளை அடைத்து, நெடி நின்றுவிட்டது என்று திருப்தியடைவதே இந்த விஷயத்தில் மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் அடைபட்டது சாட்சியின் வாய்தான். கீழே, பின்தட்டின் அடியில், ஆவி முன்போலவே வெளிவந்து கொண்டிருக்கும். அதைச் சொல்வதற்கு மட்டும் ஆளிராது. ஆகவே, முதலில் ஆவி வெளிப்படும் வழியை அடைக்க வேண்டும். அதன் பிறகே அது நுழையும் வழியை.

மெக்கானிக்கிடம் போகும்போது, "நெடி அடிக்கிறது" என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வர வேண்டாம். எப்பொழுது அடித்தது, டாங்கி எவ்வளவு நிறைந்திருந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எந்த மூலையில் அதிகம், பிறகு எஞ்சின் எப்படிக் கிளம்பிற்று என்று நாலு வரி ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். அந்த நாலு வரி அவருடைய அரை நாள் வேலையையும் உங்கள் பணத்தையும் மிச்சப்படுத்தும். பின் ஆசனத்தில் உட்காரும் குழந்தைகளுக்கு நல்ல காற்றும் கிடைக்கும்.